நீ துளைக்கிற பல்

அன்புள்ள கலா,

பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன், திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். வாசு அதே வாசுதான்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீ தினமும் பிடுங்கிப் போடுகிற பல். பழைய எலும்புகளில் டிஎன்ஏ எடுத்து நோய் கண்டுபிடிக்கிறார்களே, அதைத்தான் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். தொழுநோயும் காசநோயும் முற்றினால் எலும்பிலேயே தடம் தெரியலாம். பிளேக் சில நாளில் ஆளை முடித்துவிடும், எலும்பில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் கிருமி நிறைந்த ரத்தம் பல்லுக்குள் இருக்கிற பல்கூழ் அறைக்கும் போயிருக்குமே! ரூட் கெனாலில் நீ துளைக்கிற அதே அறைதான். அதன் சுவரைச் சுரண்டினால் வரும் சிட்டிகைப் பொடியில் கிருமியின் டிஎன்ஏ துண்டு துண்டாகக் கிடைக்கிறது. துண்டுகளின் முனையில், டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் சிதைந்து, தைமின் என்ற இன்னொரு எழுத்தாகத் தெரியும். அது பழைய டிஎன்ஏதான், ஆய்வகத்தில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல என்பதற்கு அந்தச் சிதைவே சாட்சி.

கிர்கிஸ்தானில், இசிக்குல் ஏரிப் பக்கம், இரண்டு பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள். 1338, 1339 இரண்டே வருடத்துக்கு 118 கற்கள். சிலவற்றில் 'கொள்ளைநோயால் இறந்தார்' என்று சிரியாக் மொழியில் வெட்டியிருக்கிறது. என்ன கொள்ளைநோய்? 7 பேரின் பல்லைப் பார்த்ததில் 3 பேரிடம் பிளேக் கிருமி. 2022இல் வெளியிட்டார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் ஐரோப்பாவைச் சூறையாடிய கிருமிக்கு இது மூதாதையாம்.

"அப்போ மீதி 4 பேருக்கு பிளேக் இல்லை" என்றான் வாசு. எனக்குக் கோபமே வந்துவிட்டது. கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? ஈரமும் சூடும் டிஎன்ஏவை அழித்திருக்கலாமே.

சரி, என் கவலைக்கு வருகிறேன். அந்தக் கல்லறைகளை 1880களில் தோண்டத் தொடங்கியவர்களுக்கு டிஎன்ஏ ஆய்வு என்று ஒன்று வரும் என்றே தெரியாது. அவர்கள் தோண்டி எடுத்ததைத் தூக்கிப் போடாமல் வைத்ததால்தான் இன்று விடை கிடைத்தது. நாம் என்ன செய்கிறோம்? துளைத்த பல் துளைத்ததுதான், அந்தப் பொடி திரும்ப வராது. இன்று அகப்படாத கிருமியை நாளைக்கு ஒரு கருவி பிடிக்கும், அப்போது பல் இருக்க வேண்டாமா? ஆளுக்கு ஒரு பல்லையாவது தொடாமல் விட வேண்டும் என்பது என் கட்சி.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பல்லை இரண்டாக அறுக்காமல், அடியிலிருந்து உள்ளே போய்ப் பொடி எடுக்க உன் கருவிகளால் முடியுமா? மேல்பகுதி சிதையக் கூடாது. யோசித்து உடனே எழுது.

அன்புடன்,
மாலா