என் கேள்வித்தாளைத் திருத்தியவர்களுக்கு

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கும் அக்காக்களுக்கும் ஆயாக்களுக்கும் வணக்கம்.

உங்கள் வேலையைப் பற்றிய என் ஆய்வேட்டுக்குப் போன வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றியுரை என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகம், நெறியாளர், நூலகங்கள் எல்லாம் அதில் வரிசையாக வந்துவிட்டன. உங்களுக்கு மட்டும் ‘களத்தில் ஒத்துழைத்த பெண்கள்’ என்று மூன்றே வார்த்தை. ஒத்துழைத்தது நான், ஆய்வு செய்தது நீங்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் தனியாக இந்த மடல்.

முதல் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் 61 ஆக்கினார்கள். துறைமுகம் அமைதியாக இருக்கும், உங்களுக்கும் பேச நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டு, மே மாதம் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பதினெட்டாவது கேள்வி: ‘கைகளில் தோல் நோய் ஏதேனும் உண்டா? ஆம் / இல்லை.’ எல்லோரும் ‘இல்லை’ என்றீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். பதில் சுத்தமாக வருகிறதே என்று.

ஜூன் கடைசியில் டீக்கடையில் ஒரு ஆயா டீ கிளாஸை முந்தானையால் சுற்றிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். சூடு அவ்வளவா என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊறி வெளுத்து, நுனியில் தோல் உரிந்து, உள்ளே ரோஸ் நிறத்தில் சதை தெரிந்தது. இடுக்கெல்லாம் மஞ்சள் கறை. ராத்திரி தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுவாராம்.

“நீ தடைக்காலத்துல வந்து கையப் பாத்தா கை நல்லாத்தான் கீது பாப்பா. போட்டு கடலுக்குப் போனப்புறம் வந்து பாரு” என்றார்.

“அப்போ தோல் நோய் இல்லைன்னு சொன்னீங்களே ஆயா?”

“இது நோயா? இது வேலை.”

அன்று மாலையே வீட்டுக்குப் போய் இரண்டு மாதப் படிவங்களையும் ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளிலிருந்து பதினெட்டாவது கேள்வி மாறியது: ‘ரேஷன் கடையில் ரேகை விழுகிறதா?’ இதைச் சொல்லிக்கொடுத்ததும் அதே கடை பெஞ்சில் இருந்த இன்னொரு அக்காதான். 2020 அக்டோபரில் ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. உங்கள் விரலைக் கருவி ஏற்காது. மூன்று தடவை வைப்பீர்கள், துடைத்துவிட்டு மறுபடி வைப்பீர்கள், அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தியைக் கூப்பிட ஆள் அனுப்புவீர்கள். பொது விநியோகம் பற்றி நான் படித்த கட்டுரை எதிலும் இந்தப் பேத்தி வரவில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர்கள் சிலர். மே மாதம் ஒரு ஆயா வைத்த கைநாட்டில் கோடு கோடாக ரேகை தெரிகிறது. ஜூலையில் அதே ஆயா வைத்ததில் வெறும் நீல மைப் பொட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் நெறியாளரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். “கேள்வியே வேண்டாம் போலிருக்கே” என்றார். அந்தரங்கம் என்பதால் அந்தக் கைநாட்டுகளை ஆய்வேட்டில் அச்சிடவில்லை. பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

காரணத்தை விளக்கிய தோல் மருத்துவருக்கும் நன்றி. இறாலின் தலைக்குள் இருக்கும் செரிமானச் சாறு சதையைக் கரைக்கக்கூடியது. செத்த இறால் தலைப்பக்கமாக முதலில் இளகுவதும் அதனால்தான். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறிய விரலில், தலைமுள் குத்திய பொத்தல் வழியாக அந்தச் சாறு இறங்குகிறது. நீங்கள் இதை ‘இறால் தின்னுது’ என்பீர்கள். மருத்துவர் பத்து நிமிடம் படம் போட்டு விளக்கியதும் அதையேதான். கையுறை போடலாமே என்று அவர் கேட்டார். அதையும் உங்களிடம் கேட்டேன். வழுக்கும், கிலோ குறையும், கிலோவுக்குத்தானே கூலி என்றீர்கள். சரி, அதற்கு நானும் அவரும் என்ன சொல்ல?

‘மாத வருமானம் எவ்வளவு’ என்ற கேள்வியை அடித்தவர் ஏலக்கூடத்தில் அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா. “குந்து, சொல்றேன்” என்று தண்டல் கணக்கைச் சொன்னார். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “மாசம் இன்னா வருதுன்னு கேக்காத. இன்னிக்கு தண்டல் கட்டினியான்னு கேளு.” கேட்டேன். மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

‘உங்கள் முதலாளி யார்’ என்பதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு பதிவுக் கருவியில் இருக்கிறது. இன்று ஒரு வியாபாரி, நாளைக்கு வேறொருவர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு முதலாளி என்று ஒருவர் தேவை. உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை, அதனால் அந்த ஆஸ்பத்திரியும் இல்லை. 2007-ஆம் ஆண்டு மீனவர் நலச் சட்டம் பரவாயில்லை. மீன்பிடி சார்ந்த மற்ற வேலை செய்கிறவர்களையும் பெயரிலேயே சேர்த்திருக்கிறது. ஒரு அக்கா நலவாரிய அட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் காட்டியபோது அதன் நாலு மூலையும் புதுசாக இருந்தன. எதற்கும் இன்னும் எடுக்கவில்லை என்றார். (இந்த அட்டை பற்றி விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.)

என் நெறியாளருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்னொன்றும் உண்டு. வேறு மாவட்டம் போகிறேன் என்று நின்ற என்னைத் தடுத்தவர் அவர். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார், இருவேல்பட்டு போன்ற ஊர்களில் நிலம், கூலி, கடன் எல்லாம் எழுதி வந்தார்கள், இருபது ஆண்டு கழித்து, 1936-இல், வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள் என்று சொல்லி, “உன் ஊர் எது?” என்று கேட்டார். காசிமேடு என்று சொல்ல எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர் அம்மாவுக்கும் நன்றி. நான் சோர்ந்த நாட்களில் அவர் சொன்ன கதை காசநோய் ஆய்வு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையம், சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில், மறுபாதிக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அதன்பிறகு உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. “அந்தப் பேப்பர்ல பேர் போட்டவங்க டாக்டருங்க. மாத்திரை முழுங்கினது நம்ம ஜனம்” என்பார்.

ஆட்டோ அண்ணனுக்கு: விடியற்காலை மூன்று மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடிக்காமல் நின்றதற்கு. ராயபுரத்தில் அச்சடித்துக் கொடுத்த தம்பிக்கு: ‘இறால்’ எல்லாவற்றையும் ‘இரால்’ ஆக்கியதை நீயே திரும்ப மாற்றினாய்.

கடைசியாக பங்கேற்பாளர் 17-க்கு. பெயர் போடக் கூடாது என்பது நெறிமுறைக் குழுவின் விதி. அதை விளக்கியபோது நீங்கள் கோபப்பட்டீர்கள்: “அவ்ளோ பேசினேன், என் பேரு எங்க?” இந்த மடலிலும் எழுத முடியவில்லை ஆயா. ஆனால் 112-ஆம் பக்கத்தில் மூன்று வரி, நீங்கள் சொன்னது சொன்னபடியே, ‘கீது’ கூட மாற்றாமல் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை ஏலம் முடிந்ததும் எடுத்து வந்து உரக்க வாசிக்கிறேன். சாப்பிட்டுத்தான் போவேன். எனக்கென்று இறால் உரித்து வைக்காதீர்கள். நான் வந்து உரித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தையல்காரர் மகள்