வாடை எழுந்த பின் வா

அன்புள்ள மகனுக்கு,

ஒக்டோபரில் எந்த வாரம் விடுமுறை எடுத்தால் மீன் கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். நன்றி தெரிவித்தல் நாளையொட்டிய வார இறுதிக்கு இப்போதே விமானச்சீட்டு வாங்கிவிடலாமா என்றும் கேட்டாய். வாங்காதே, பொறு. மனிட்டோபாவின் ரெட் ஆற்றில் இலையுதிர்காலத்துப் பிக்கரல் மீனின் வரவைத் தீர்மானிப்பது வாடைக்காற்று. பதினைந்து ஆண்டுகளாகச் செல்கேர்க்கில் படகு இறக்கி நான் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது இதுவே.

நீ சிறுவனாக இருந்தபோது இந்த ஆறு ஏன் வடக்கு நோக்கி ஓடுகிறது என்று கேட்டது நினைவிருக்கிறதா? அது போய்ச் சேரும் வின்னிபெக் ஏரி ஏறத்தாழ 24,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; அதன் தென்பகுதியோ ஆழம் குறைந்தது. வாடை இரண்டு மூன்று நாள் விடாமல் வீசினால் ஏரி நீர் தெற்கே தள்ளப்பட்டு, நெற்லி சதுப்புநிலத்தையொட்டிய கழிமுகத்தில் நீர்மட்டம் உயர்ந்து, ஆற்றின் ஓட்டம் தளர்ந்துவிடும். நீர் குளிரத் தொடங்கும் அந்த நாட்களில்தான் எமரால்ட் ஷைனர் என்னும் விரல் நீளச் சிறுமீன்கள் ஏரியிலிருந்து ஆற்றுக்குள் கூட்டமாக நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்து பிக்கரல்களும் லொக்போர்ட்டில் 1910இல் திறக்கப்பட்ட அணைக்கட்டுவரை ஏறி வருகின்றன. ஏரியில் வளர்ந்த அந்த மீன்களின் முதுகில் மரகதப் பச்சை மினுங்குவதால் இங்குள்ளோர் அவற்றைக் கிறீன்பாக் என்பார்கள். வால்ஐ என்று நீ ஒன்ராறியோவில் கேள்விப்படுவதும் இதே மீன்தான்.

ஆற்று நீர் கலங்கியிருப்பதைக் கண்டு சோர்ந்துவிடாதே. பனியுகத்து அகாசிஸ் ஏரி விட்டுச்சென்ற களிமண் நிலத்தின் வழியே வரும் நீர் வேறெப்படி இருக்கும்? பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கிய நீரிலும் அது இரையைக் கண்டுகொள்கிறது. ஆகையால் விடியற்காலைக்கும் அந்திக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நண்பகலில்கூட நான் நல்ல மீன் பிடித்திருக்கிறேன்.

ஜிக் என்னும் ஈயத்தலைத் தூண்டில் அரை அவுன்ஸில், தங்க நிறமோ பளீரென்ற மஞ்சளோ போதும். உப்பிட்டு உறையவைத்த ஷைனரை அதில் கோத்து அடிமண்ணைத் தொடவிட்டு, ஒரு சாண் உயர்த்தி, தங்கூசி தளராதபடி மெதுவாக இறக்க வேண்டும். கோடைக்காலத்தில் செய்வதுபோல வெடுக்கென்று இழுக்காதே. குளிர்நீரில் மீன் பாய்ந்து கவ்வுவதில்லை; ஜிக் இறங்கும்போது ஈரத்துணி ஒன்று சிக்கிக்கொண்டதைப் போன்ற ஒரு கனம்தான் கைக்குத் தெரியும். அந்தக் கனத்தை உணரவே எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன. மனிட்டோபாவில் தூண்டிலில் எதிர்முள் இருக்கக்கூடாது என்பதால், உன்னிடம் உள்ளவற்றின் எதிர்முட்களைக் குறட்டால் நசுக்கிக் கொண்டு வா. வெளிமாகாணத்தவருக்கான உரிமத்தையும் மறவாதே.

உன் அம்மாவிடமும் நான் விரிவாகச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன், கடும் வாடை வீசிய ஒரு நாளில், மீன் கூட்டத்தை விட்டு நகர மனமில்லாமல் நங்கூரக் கயிற்றைப் படகின் பின்புறத்தில் கட்டினேன். எஞ்சினின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருந்த பின்புறம் கயிறு இறுகியதும் மேலும் அமிழ, இரண்டு அலைகள் உள்ளே ஏறின. கயிற்றை அறுத்துவிட்டுக் கரை சேர்ந்தேன். அன்று உயிர்காப்பு அங்கி என் உடலில் இல்லை, இருக்கைக்கு அடியில் கிடந்தது. அந்தக் குளிர்நீரில் விழுந்தால் சில நிமிடங்களிலேயே கைகள் இயங்காமல் போகும். அதனால் நங்கூரம் எப்போதும் முன்புறத்திலேயே. படகுத்துறையில் கால் வைக்கும் முன்பே அங்கியை அணிந்துகொள்ள வேண்டும். உன் மகனை அழைத்து வருவதானால் அவனுடைய அளவுக்கேற்ற அங்கியை வாங்கி வா, என்னுடையது அவனுக்குப் பொருந்தாது.

பெரிய மீன் அகப்பட்டால் விட்டுவிடுவோம். அவை பெரும்பாலும் வசந்தத்தில் முட்டையிடப்போகும் பெண் மீன்கள். ஈரக்கையால், வயிற்றைத் தாங்கிப் பிடித்து, நீரருகே வைத்தே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். சமையலுக்கு முழங்கைக்குச் சற்று மேற்பட்ட நீளமே போதுமானது. அதற்கும் விதிப்படி எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதை வருவதற்கு முன் பார்த்துக்கொள், அது மாறக்கூடியது. கன்னச் சதையைத் தனியே எடுத்து மிளகும் மஞ்சளும் தடவிப் பொரிப்பதாக அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.

உன் இறப்பர் சப்பாத்தும் கம்பளிக் கையுறையும் நிலவறையில் இருக்கின்றன. மாத நடுவில் ஐந்து நாட்களை ஒதுக்கி வைத்திரு. ஏரிப்பக்கம் வாடை விடாமல் வீசத் தொடங்கியதும் தொலைபேசியில் அழைக்கிறேன். சீட்டை அதன் பிறகு வாங்கு.

அன்புடன்,
அப்பா