22 ஆண்டு 'இடைவெளி'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தலைமை பற்றிய ஆய்வுக்கு அனுபவமுள்ள ஆசிரியர்கள் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வர ஆசைப்பட்டு, இடமும் கிடைத்து, கடைசியில் வராமல் போனவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

22 ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவள். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் துணைத் தலைமையாசிரியர் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. அந்த ஆய்வுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: 'கடைசிப் பட்டத்துக்குப் பின் கல்வியில் இடைவெளி இருப்பின் காரணம் கூறுக.' எழுத இரண்டு வரி இடம். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்ததற்குப் பெயர் கல்வியில் இடைவெளியாம்! சிரித்துக்கொண்டேதான் நிரப்பினேன். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. என் ஆய்வுத் திறனை நேரில் அறிந்த பேராசிரியர்கள் இருவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டுமாம். எனக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர்களுக்கு என் முகமே நினைவிருக்காது. ஆறு ஆண்டுகள் பக்கத்து அறையில் இருந்து என் வேலையைப் பார்த்த தலைமையாசிரியரின் கடிதம் செல்லுமா என்று கேட்டேன், செல்லாது என்றார்கள். ஒரு பயிற்சி முகாமில் பழக்கமான பேராசிரியர்கள் இருவர் இரங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். மாணவர்களின் கற்றலைத் தீர்மானிக்கும் பள்ளி சார்ந்த காரணங்களில், வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்குத்தான் என்று 2004ல் கல்வி ஆய்வாளர் கென்னத் லீத்வுட் குழுவினர் தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். சரி, எப்படிப்பட்ட தலைமை? 2008ல் விவியன் ராபின்சன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருவரும் அதுவரை வெளிவந்திருந்த 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தொலைநோக்கு, உத்வேகம் என்று ஊக்கப்படுத்தும் தலைமையைவிட, கற்பித்தலில் நேரடியாக இறங்கும் தலைமையின் பலன் மூன்று, நான்கு மடங்கு என்று வந்தது. எல்லாவற்றிலும் மேலே நின்றது, ஆசிரியர்களின் பயிற்சியில் தலைமையாசிரியர் தாமும் உட்கார்ந்து கற்பது. குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அலுவலக அறைக்குத் திரும்பிவிடுகிற தலைமையாசிரியர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) படிக்க வேண்டிய முடிவு.

ஆனால் அந்த 27ல் 18 ஆய்வுகள் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தவை. கனடாவில் இரண்டு. மீதி ஏழும் ஏழு வெவ்வேறு இடங்களில் ஒவ்வொன்று. ஒரு வகுப்பில் 25 பேர் இருக்கும் பள்ளிக்கும் 60 பேர் இருக்கும் பள்ளிக்கும் இது ஒரே மாதிரி பொருந்துமா? ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே இல்லாத தலைமையாசிரியருக்கு என்ன வழி? இந்தக் கேள்விகள் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எளிதில் தோன்றாது. காலையில் வராத ஆசிரியர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாரை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று நிற்பவருக்குத் தோன்றும். யுனெஸ்கோ தன் 2024-25 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுவதையும் தலைமை என்ற ஒரே பொருளுக்குக் கொடுத்திருக்கிறது. ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என் கதைக்கு வருகிறேன். உதவித்தொகை கிடைத்துவிட்டது. இரண்டு ஆண்டு, முழு நேரம், கல்விக் கட்டணம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. மாதாமாதம் வருவது என் சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்திருப்பேன். ஆனால் பள்ளியில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "பத்தாம் வகுப்புக் கணக்கை யார் எடுப்பது?" சம்பளமில்லா விடுப்பு தரத் தயார், என் இடத்துக்கு ஆள் போட முடியாது, பணியிடம் காலியில்லையே என்றார்கள். என் பாடவேளைகளைப் பிரித்து மூன்று பேர் தலையில் கட்டுவதாக ஒரு கால அட்டவணையும் தயாரானது. அந்த மூவரில் ஒருத்திக்கு ஏற்கெனவே வாரம் 32 பாடவேளை. அதில் பென்சிலால் என் நாலைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. அந்த இடம் யாருக்குப் போனதோ, நன்றாகப் படித்திருக்கட்டும்.

ஆகவே உதவித்தொகை தருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு பங்கைப் பள்ளிக்குக் கொடுங்கள். என் இடத்தில் வகுப்பெடுக்க ஒருவரை அமர்த்தும் செலவு அது. இளம் பட்டதாரிக்குத் தேவை கட்டணம். 45 வயது ஆசிரியைக்குத் தேவை, விட்டுவிட்டு வந்த வகுப்பில் ஓர் ஆள்.

படிப்பு முழுவதும் பணியிடத்துக்கு வெளியேதான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2010ல் தொடங்கிய கல்வித் தலைமை முனைவர் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு; அதில் மூன்றாம் ஆண்டு முழுக்க ஒரு கல்வி அமைப்புக்குள் வேலை பார்த்தபடியே கழிகிறது. 2007ல் அமெரிக்காவில் தொடங்கிய கார்னகி கல்வி முனைவர் பட்டத் திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள், பணியிடத்தில் உள்ள ஒரு சிக்கலையே ஆய்வேடாக எழுத இடம் தருகின்றன.

அனுபவம் இருந்தால் போதும், ஆய்வு தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டுத் தெரிந்துகொண்டது இது. வகுப்பைப் பார்வையிட நான் வருவது பயனுள்ளதா என்று ஒருமுறை எங்கள் ஆசிரியர்களுக்கு வினாத்தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம் என்றேன். கொடுத்ததும் நான், வாங்கியதும் நான். எல்லாருமே 'மிகவும் பயனுள்ளது' என்று குறித்திருந்தார்கள். இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு ஒரு தாளின் ஓரத்தில் எதையோ எழுதி ரப்பரால் அழித்த தடம் கண்ணில் பட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், 'கையெழுத்து தெரியுமே.'

சொந்தப் பள்ளியை ஆராயும் தலைமையாசிரியருக்கு உண்மையைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது; மாணவருக்கோ ஆய்வில் பங்கேற்க மறுக்கும் உரிமை பேருக்குத்தான். இதைச் சொல்லிக்கொடுக்க நெறியாளர் வேண்டும், முறையியல் படிக்க வேண்டும், அதற்குத்தான் பல்கலைக்கழகம். எனக்குத் தோன்றும் ஒரு வழி: உதவித்தொகைக்கு வெவ்வேறு பள்ளிகளிலிருந்து இருவரை ஒரு சோடியாகத் தேர்ந்தெடுங்கள். மற்றவர் என் பள்ளியை ஆராயட்டும், நான் அவர் பள்ளியை. ஆசிரியர்களின் சம்பள உயர்வுக் குறிப்பை எழுதாத ஒருவரிடம் வாய் கொஞ்சம் தாராளமாகத் திறக்கும். வேறு பள்ளியில்கூட எனக்கு முதலில் டீ தந்து புகழ்வார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அங்கே யார் கையெழுத்தும் எனக்குத் தெரியாது.

உங்கள் இதழில் மாதந்தோறும் உதவித்தொகை அறிவிப்புகளை வெளியிடுகிறீர்கள். தொகை, வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் இருக்கின்றன. பதிலி ஆசிரியருக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்ற ஒரு வரியையும் சேர்க்க முடியுமா? அறிவிப்பவர்களிடம் கேட்டுப் போட்டால் போதும். பதில் இல்லையென்றால் 'தெரிவிக்கப்படவில்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு துணைத் தலைமையாசிரியை