அகில் இன்னும் ஒரு சீசன் அங்கேயே ஆடட்டும்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, காலையில் பால் பூத் வரைக்கும் நடந்து போய் வருகிறார். மாலதி கேட்ட வத்தலும் பருப்புப் பொடியும் தயாராக இருக்கிறது. சித்தப்பா அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேஸ்பாலில் என் பேரன் அகிலுக்கு ஷார்ட்ஸ்டாப்பில், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, நிற்கத்தான் ஆசை, கோச் அந்த இடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டு இவனைத் தூரத்தில், வலது கோடியில் இருக்கிற ரைட் ஃபீல்டில் நிறுத்துகிறார், அதனால் டீமையே மாற்றிவிடப் போகிறேன் என்றாய். நான் போனில் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். ரிட்டயர் ஆகும்வரை பி.டி. டீச்சராக இருந்து பெண்பிள்ளைகளுக்கு, பேஸ்பால் மாதிரியே ஆடுகிற சாப்ட்பால் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன். பொறுமையாகப் படி.

உன் ஆபீசில் நியூயார்க் மெட்ஸ் அணியின் ரசிகர் யாராவது, கொஞ்சம் வயசானவராக இருந்தால், அவர்களுடைய பழைய ஷார்ட்ஸ்டாப் ரே ஒர்டோன்யெஸ் பெயரைச் சொல்லிப் பார். அரை மணி நேரம் உன்னை விடமாட்டார். 1996 ஏப்ரலில் மெட்ஸுக்காக அவர் இறங்கிய முதல் ஆட்டம், எதிரணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். லெஃப்ட் ஃபீல்டிலிருந்து வந்த பந்தை வாங்கி, எழுந்து நிற்க நேரமில்லாமல், முட்டி போட்டபடியே ஹோம் பிளேட்டுக்கு எறிந்து ரன்னரை அவுட்டாக்கினார். 1997, 1998, 1999 என்று மூன்று வருஷம் தொடர்ந்து கோல்ட் கிளவ், அதாவது சிறந்த ஃபீல்டருக்கான விருது. 1999-இல் தொடங்கி 2000 வரை, அடுத்தடுத்து 101 ஆட்டங்களில் ஒரு எர்ரர்கூட, ஃபீல்டிங் தப்புகூட, இல்லை. பேட்டிங் சுமார்தான். ஆனால் அந்தக் கைக்காகவே அவரை வைத்துக்கொண்டார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த நாடான கியூபாவின் முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. ஏனென்றால் ஷார்ட்ஸ்டாப்பில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஹெர்மான் மேசா.

மேசாவை அமெரிக்காவில் அவ்வளவாகத் தெரியாது. 1967-இல் ஹவானாவில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு அங்கே காசுக்கு ஆடும் தொழில்முறை விளையாட்டையே ஒழித்துவிட்டார்கள். 1962-இலிருந்து தேசிய சீரிஸ் என்று நடக்கிறது. அப்போதெல்லாம் எந்த மாகாணத்துப் பையனோ அந்த மாகாணத்துக்குத்தான் ஆடுவான், ஆளை விலைக்கு வாங்குவது கிடையாது. ஹவானாக்காரர்களின் செல்ல அணி இண்டுஸ்ட்ரியாலெஸ், நீலச் சட்டை. செர்ரோ பகுதியில் இருக்கிற லத்தினோஅமெரிக்கானோ ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஊருக்கு நடுவே பார்க்கே சென்ட்ரல் என்று ஒரு பூங்கா. அங்கே ஒரு மூலையில் தினமும் ஆம்பளைகள் கூடி நின்று, கழுத்து நரம்பு புடைக்க, பேஸ்பால் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்களாம். நம் டீக்கடை அரசியல் தோற்றது போ.

அந்த ஊர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆள் மேசா. காந்தம் என்று பட்டப்பெயர். யூடியூபில் பழைய வீடியோக்கள் கிடக்கின்றன, படம் தெளிவில்லைதான், இருந்தாலும் பார். அகிலையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். பந்தைப் பார்க்காதே என்று அவனிடம் சொல், காலைப் பார்க்கச் சொல். பேட்டில் பந்து படுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே மேசாவின் குதிகால் தரையிலிருந்து எழும்பிவிடும். மூன்றாம் பேஸ் பக்கம் ஆழமாகப் போகிற பந்துதான் ஷார்ட்ஸ்டாப்புக்குக் கஷ்டம். கிளவைப் புறங்கையாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும், உடம்போ வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும், எறியவேண்டியதோ எதிர்த்திசையில். சாதாரண ஆள் அங்கே நின்று, காலை ஊன்றி, அப்புறம் எறிவான். அதற்குள் பேட்ஸ்மேன் முதல் பேஸைத் தொட்டிருப்பான். மேசா நிற்பதே இல்லை. பிடிக்கிற அசைவும் எறிகிற அசைவும் அவரிடம் ஒன்றுதான்.

ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்குகிற டபுள் பிளேயில் இன்னும் அழகு. இண்டுஸ்ட்ரியாலெஸில் இரண்டாம் பேஸில் ஹுவான் பதில்யா, தேசிய அணியில் சந்தியாகோவைச் சேர்ந்த அந்தோனியோ பச்சேக்கோ. பந்து கிளவில் பட்டது, வெறுங்கைக்கு மாறியது, பறந்தது, இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நமக்குக் கண் போதாது. நான் பிள்ளைகளுக்கு "ஏய், கிளவை உண்டியல் மாதிரி வைத்துக்கொள்ளாதே, பந்து உள்ளே போய்த் தங்கக்கூடாது" என்று கத்துவேன். ஷார்ட்ஸ்டாப் கிளவைச் சின்னதாகச் செய்வதே அதற்காகத்தான்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில்தான் பேஸ்பால் முதல்முறையாகப் பதக்க விளையாட்டானது. கியூபா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இறுதியில் தைவானை 11-1 என்று வீழ்த்தித் தங்கம். மூன்றாம் பேஸில் ஓமர் லினாரெஸ், ஷார்ட்ஸ்டாப்பில் மேசா. பேப்பரில் வந்ததெல்லாம் லினாரெஸும் அவர் பேட்டும்தான். பந்தைத் தடுத்துப் பிடிக்கிறவனை யாரும் எழுதமாட்டார்கள், அது அன்றைக்கும் இன்றைக்கும் அப்படித்தான்.

மறுவருஷம், 1993 ஜூலையில், உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்காகக் கியூபா அணி பஃபலோவுக்கு வந்தது. உங்கள் பக்கத்து மாநிலம்தான். அங்கே வைத்து ஒர்டோன்யெஸ் அணியை விட்டுப் போய்விட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். சோவியத் யூனியன் உடைந்தபிறகு கியூபாவில் கரண்ட் இல்லை, சோப்பு இல்லை, சாப்பாட்டுக்கே ததிங்கிணத்தோம். முன்னால் நிற்கிற மேசாவுக்கோ வயசு 26, இன்னும் பத்து வருஷம் ஆடுவார். இவருக்கு 22. போகாமல் என்ன செய்வார்?

நான் சொல்லவந்தது வேறு. நியூயார்க் அதிசயப்பட்ட அந்த ஒர்டோன்யெஸ், மேசாவுக்குப் பின்னால் நின்ற ஆள். தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனை எதிரிலேயே வைத்துக்கொண்டு வளர்ந்தவர். வேறு மாகாணத்தில், போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் பிறந்திருந்தால் அந்தக் கை அந்தக் கையாக ஆகியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். நிரூபிக்க முடியாது. ஆனால் மைதானத்தில் நின்று பார்த்தவள் சொல்கிறேன், பிள்ளைகள் கோச்சைப் பார்த்துக் கற்பதைவிடப் பக்கத்தில் ஆடுகிறவனைப் பார்த்துக் கற்பதுதான் அதிகம்.

மேசாவுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே ஆறாது. அவர் ஓடிப்போகவில்லை. ஆனாலும் 1996 அக்டோபரில், வெளிநாட்டு ஏஜெண்டுகளிடம் பணம் வாங்கினார் என்று குற்றம் சாட்டி ஆயுள் தடை போட்டுவிட்டார்கள். அவரோடு, பந்து வீசுகிற பிட்சர் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸுக்கும் கேட்சர் ஆல்பெர்த்தோ ஹெர்னாண்டஸுக்கும் அதே தண்டனை. ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம், அடுத்தது யார் என்கிற பயம் மேலிடத்துக்கு. பயம் வந்தால் அதிகாரத்தில் இருப்பவர்கள் எங்கேயும் இப்படித்தான், போனவனைப் பிடிக்க முடியாது, இருப்பவன் கையை முறிப்பார்கள்.

29 வயசு. ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தவர். சொந்த ஊரில், சொந்த ஸ்டேடியத்தில் இறங்கக்கூடாது. ஒர்லாண்டோ 1997 டிசம்பரில் படகேறிப் போய், மறுவருஷமே நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸுக்காக, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தார். மேசா அங்கேயே இருந்தார். ஏன் என்று வெளியிலிருந்து நாம் காரணம் கற்பிக்கவேண்டாம். 1998-இல் தடையை நீக்கினார்கள். 31 வயசில் திரும்பவும் அதே இடத்தில் போய் நின்றார். ஷார்ட்ஸ்டாப்புக்கு இரண்டு வருஷம் என்பது லேசுப்பட்டதில்லை. பிட்சர் ஓய்வெடுத்தால் தோளுக்காவது நல்லது, ஷார்ட்ஸ்டாப் மாதிரி பேஸ்களை ஒட்டி நிற்கிற உள்களக்காரனுக்கு மந்தமாகிற கால் மந்தமானதுதான். அப்படியும் 2000-இல் சிட்னிக்குப் போன ஒலிம்பிக் அணியில் அவர் இருந்தார். இறுதியில் அமெரிக்காவின் பென் ஷீட்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, 4-0, கியூபாவுக்கு வெள்ளிதான். அப்புறம் ஆட்டத்தை விட்டபிறகு இண்டுஸ்ட்ரியாலெஸுக்கே மேனேஜராகி, 2010-இல் வில்யா கிளாராவை அவர்கள் மண்ணிலேயே, ஏழாவது ஆட்டம் வரை போய், ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்.

சரி, அகில் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஒர்டோன்யெஸும் இல்லை, அந்த இன்னொரு பையன் மேசாவும் இல்லை, தெரியும். பத்து வயசுப் பிள்ளைகள். அந்தப் பையன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறானா, இல்லை கோச்சுக்கு வேண்டப்பட்டவனா? இதை மட்டும் நீ நேர்மையாகப் பார். வேண்டப்பட்டவன் என்றால் தாராளமாக டீமை மாற்று, நானே சொல்கிறேன். நன்றாக ஆடுகிறவன் என்றால் இந்த சீசன் அங்கேயே இருக்கட்டும். பிராக்டிஸுக்கு அரை மணி முன்னாலேயே கூட்டிப்போய், அந்தப் பையனோடு சேர்ந்து தரைப்பந்து எடுக்கச் சொல். உருட்டிவிட ஒரு ஆள் வேண்டும், அது நீதான். லேப்டாப்பைக் காரிலேயே வைத்துவிட்டுப் போ.

ரைட் ஃபீல்டையும் மட்டமாக நினைக்காதே. அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கு எறிந்து பழகினால் தோள் வலுப்படும், ஷார்ட்ஸ்டாப்புக்கு நாளைக்கு அதுதான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பு. போன தடவை மாதிரி அவன் பேட் பிடிக்கிறதை மட்டும் எடுக்காதே. பந்து வேறு பக்கம் போகும்போது அவன் என்ன செய்கிறான் என்று எனக்குப் பார்க்கவேண்டும். போனை ஆட்டாமல் பிடி.

மாலதியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா