நிதியையும் பாதுகாப்பையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் சமூகப் பராமரிப்பு (முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு அன்றாட வாழ்வில் அளிக்கும் உதவி) குறித்து ஆராய அரசு அமைத்த லூயிஸ் கேசி ஆணையத்தின் இறுதி அறிக்கை 2028இல்தான் வரும் என்ற செய்தியைத் தங்கள் இதழில் படித்து வருந்தினேன். ஒருவர் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கும் பராமரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று, முன்பு அரசு அமைத்த டில்னாட் ஆணையம் 2011இலேயே சொன்னது. 2014இல் சட்டமும் வந்தது. தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பைக் கைவிட்டே விட்டார்கள். சரி, நிதிதான் இல்லை, கண்காணிப்பாவது உண்டா? பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்து தரச்சான்று தரும் பராமரிப்புத் தர ஆணையம் பற்றி, அரசு கேட்டு பென்னி டாஷ் 2024இல் அளித்த அறிக்கை, ஆய்வுகள் வெகுவாகக் குறைந்துவிட்டதைச் சுட்டிக்காட்டியது. என் உறவினர் ஒருவர் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்தின் வாசலில் ‘நன்று’ என்ற தரச்சான்று தொங்குகிறது. அதிலுள்ள தேதி பல ஆண்டுகள் பழையது. அப்புறம் நிர்வாகமே கைமாறி, இரவுப் பணியாளர்களும் குறைந்துவிட்டார்கள். இரவில் மணி அடித்தால் ஆள் வர நெடுநேரமாகிறது. அந்தச் சான்றை நம்பித்தான் இன்றும் குடும்பங்கள் பெற்றோரைச் சேர்க்கின்றன.

பணம் குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் முதலில் பறிபோவது பாதுகாப்புதான். இரண்டையும் தனித்தனியாக விசாரித்தால் ஒவ்வொரு தரப்பும் மற்றதைக் கைகாட்டித் தப்பிக்கும். எனவே நாடாளுமன்றத்தின் சுகாதார, சமூகப் பராமரிப்புக் குழு, நிதி அமைச்சரையும் தர ஆணையத் தலைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே அமர்வில் அழைத்துப் பதில் கேட்க வேண்டும். 2028 வரை காத்திராமல் அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.

— வாசகர், லண்டன்