ஹோஸுக்குள் ஒரு சருகு

குன்னூர்,
மார்கழி 5

அன்புள்ள தங்கராசு,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்றைக்குத்தான் பதில். திட்டுவாய், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவி விளம்பரத்தில் ஓடும் பொடி எழுத்தைக்கூட இப்போது உரக்கப் படிக்கிறார். சாந்தா சுகம். பெரியவனுக்கு ஓசூர் வேலை நிலைத்துவிட்டது. வீட்டுச் சமாச்சாரம் அவ்வளவுதான்டா. மிச்சம் முழுக்க நான் ஷெட்டில் கட்டிக்கொண்டிருக்கும் நம் விமானம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் ஓட்டத்தைச் சோதித்தோம். நம் வண்டி தேறவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் நீ முதலில் கேட்கப்போவது மாருதி ஜிப்ஸி ஜீப்பின் இஞ்சின் என்ன ஆயிற்று என்றுதான். எனக்குத் தெரியாதா உன்னை? 1300 சிசி, 80 குதிரைசக்தி, வெலிங்டனில் பட்டாளத்து ஜிப்ஸி ஓடாத நாள் உண்டா, உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம் என்று நாலு பக்கம் எழுதி என்னை உக்கடத்துக்கு அனுப்பியவன் நீ. போனேன், வாங்கினேன், ஸ்டாண்டில் ஏற்றி ஓட்டினேன். இஞ்சினில் குறை இல்லை. ஆனால் அந்த 80 குதிரை வருவது நிமிஷத்துக்கு 6000 சுற்றில். ப்ரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்றினால் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். இரைச்சல் வரும், இழுவை வராது. நடுவில் பெல்ட் வைத்து 2500க்கு இறக்க வேண்டும். கணபதியில் லேத் வைத்திருக்கும் நம் பெல்ட்டுக்காரர்தான் செய்து கொடுத்தார், சுத்தமான வேலை. இருந்தும் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு வந்ததும் ஸ்டாண்டு மொத்தமும் வெடவெடவென்று நடுங்கியது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது தண்டுக்கு ஓர் உதை விழுகிறது. மறுமுனையில் ப்ரொப்பெல்லர் கல்லுச் சக்கரம் மாதிரி அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியது எதுவோ அது முறுக்கி முறுக்கியே தேயும். ஜீப்பில் கிளட்சும் டயரும் அதை விழுங்கிவிடுகின்றன. நமக்கு அங்கே என்ன இருக்கிறது?

ரேடியேட்டர், பெல்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்துத் தராசில் ஏற்றினால் 104 கிலோ. மூக்கில் அவ்வளவு பாரம் வைத்தால் வாலில் ஈயம் கட்ட வேண்டியதுதான். பேட்டரி போனால் பெட்ரோல் பம்ப்பும் போச்சு, ஸ்பார்க்கும் போச்சு. இன்னொன்றும் யோசி. ஜீப் இஞ்சின் முழு மூச்சுப் பிடிப்பது ஏற்றத்தில் கொஞ்ச நேரம். விமான இஞ்சின் முக்கால் மூச்சிலேயே மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

அதனால் ரோட்டாக்ஸ் விமான இஞ்சின்தான். பெங்களூரில் ட்ரைக் என்கிற குட்டி விமானம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் விற்றார். 912, நூறு குதிரை, 340 மணி நேரம் ஓடியது. 2000 மணிக்குத்தான் முழுசாகப் பிரிக்க வேண்டும். 5800 சுற்றை 2400க்குக் குறைக்கும் கியர் அதோடேயே வருகிறது. ஸ்பார்க் இரண்டு தனித்தனி சர்க்யூட், பேட்டரி செத்தாலும் ஓடும். கோபித்துக்கொள்ளாதே, ஜிப்ஸி இஞ்சினை நான் விற்கவில்லை. ஃபேக்டரியில் ஜெனரேட்டர் ஓட்டக் கேட்டிருக்கிறார்கள்.

இந்த இஞ்சின் விவகாரத்தில் இரண்டு வருஷம் போனது. அதற்குப் பெட்ரோல் கொண்டுபோகும் எட்டடிக் குழாய்க்கு நான் கொடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அதுதான்டா இப்போது நெஞ்சை அறுக்கிறது.

கணக்கைக் கேள். புறப்படும்போது முழுத் திறப்பில் இந்த இஞ்சின் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த வண்டியில் அதற்கு மேல் கால் பங்காவது கூடுதலாக வர வேண்டும் என்பது விதி. தானாக இறங்கும் வண்டியாக இருந்தால் ஒன்றரை மடங்கு. நமக்குக் கிட்டத்தட்ட 34 லிட்டர். அதாவது ஒரு லிட்டர் 107 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். கார்புரேட்டருக்குப் போகும் முனையைக் கழற்றி, அளவு ஜாடியில் விட்டுப் பிடித்தோம். சமமாக நின்றபோது 80 விநாடி. மச்சான் அதற்கே கைதட்டிவிட்டார். நான்தான், மேலேறும்போது மூக்கு எப்படி நிற்குமோ அப்படி வைத்துப் பார்ப்போம் என்றேன். மூக்குச் சக்கரத்தடியில் சில்வர் ஓக் கட்டைகளை அடுக்கி 15 டிகிரி தூக்கினோம். டேங்கில் நாலே லிட்டர் விட்டோம். பம்ப்பைப் போட்டோம்.

155 விநாடி.

மணிக்கு 23 லிட்டர். இஞ்சின் கேட்பதே 27. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் மிச்சத்தில் தரையை விட்டு எழும்பியிருக்கும். ஓடுபாதை முடிந்து தென்னந்தோப்பு தொடங்கும் இடத்தில் இருமியிருக்கும்.

முதல் தப்பு உடனே தெரிந்தது. பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று பம்ப்பை ஃபயர்வாலுக்கு, அதாவது இஞ்சினைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால், இஞ்சின் பக்கம் வைத்திருந்தேன். நம்முடையது தாழ்ந்த இறக்கை. டேங்க் கீழே, இஞ்சின் மேலே. மூக்கைத் தூக்கினால் அந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. போதாததற்கு ஹோஸ் இறக்கைத் தண்டைத் தாண்ட ஒரு திமில் போட்டிருந்தது, அந்தத் திமிலில் காற்று உட்கார்ந்துகொண்டது. பம்ப்புக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்ச வராது. 1903-ல் ரைட் சகோதரர்களுக்கு ஆறே வாரத்தில் இஞ்சின் செய்து கொடுத்த சார்லி டெய்லருக்கு இந்தத் தலைவலி இல்லை. சின்ன டேங்கை இஞ்சினுக்கு மேலே கட்டினார்கள், பெட்ரோல் தன்பாட்டில் இறங்கியது. சரி, பம்ப்பைப் பின்னால் கொண்டுவந்து டேங்குக்குப் பக்கத்தில் தரையோடு வைத்தேன். திமிலையும் எடுத்தேன். 118 விநாடி.

இன்னும் தேறவில்லை. ஃபில்டரைக் கழற்றினேன், சுத்தம். டேங்க் மூடியில் காற்று வரும் வழியை ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. ராத்திரி ஒன்பதரைக்குக் கோபத்தில் ஹோஸையே கழற்றி, பிளேடு போட்டு நீளவாக்கில் பிளந்தேன். அங்கே இருந்ததடா. உள்சுவர் ரப்பர் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, சின்ன வெங்காயத்தின் சருகு மாதிரி, ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. மெதுவாக ஊதினால் படிந்து வழி விடுகிறது. வேகமாக உறிஞ்சினால் எழும்பி வழியை மூடுகிறது. வெளியே பார்த்தால் புத்தம்புது ஹோஸ், பளபளவென்று எழுத்துகூட அழியவில்லை. பெட்ரோல் ஹோஸ் என்று சொல்லித்தான் கோயமுத்தூரில் ஒரு கடையில் கொடுத்தார்கள். அதில் பங்க் பெட்ரோல் நின்றது ஆறே மாதம்.

நீ பங்க்கில் போடுவது இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பரை அது ஊற வைக்கிறது. மறுநாள் அக்கா மகன் சின்னவனுக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடி ஜாடியில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் விட்டுக் குலுக்கி வைத்தேன். தெளிந்து பார்த்தால் அடியில் இருந்த 10 மில்லி 27 ஆகியிருந்தது. பெட்ரோலிலிருந்து இறங்கி வந்து தண்ணீரோடு சேர்ந்துகொண்ட எத்தனால் அது. இந்த ஊர் ஈரத்தில் அரை டேங்கோடு மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அதே வேலை டேங்குக்குள் நடக்கும். அடியில் சேரும் அந்தக் கலவைதான் முதலில் இஞ்சினுக்குப் போகும். ரோட்டாக்ஸ்காரர்கள் இந்த இஞ்சினுக்குப் பத்து சதம்வரைதான் எத்தனாலை ஒப்புக்கொள்கிறார்கள். ஆகப் பங்க் பெட்ரோல் இனி நம் வண்டிக்கு ஆகாது. விமானப் பெட்ரோல்தான். 2022-ல் இந்தியன் ஆயில் வடோதராவில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது, அதுவரை இறக்குமதிதான். பீப்பாயாகத்தான் வாங்க வேண்டும், விலையும் கடிக்கும். அதில் ஈயம் இருப்பதால் 25 மணிக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். மாற்றிக்கொள்கிறேன்.

இப்போது புது ஹோஸ், எத்தனால் தாங்கும் ரகம், இஞ்சின் பக்கம் முழுக்கத் தீ உறை போட்டது. மூக்கு தூக்கி, நாலு லிட்டரில், 84 விநாடி. மூன்று தடவை பிடித்தேன், மூன்றும் ஒன்றுதான். ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் சோதித்தது 14 டிகிரிக் குளிரில். வண்டி பறக்கப்போவது கீழே, பங்குனி வெயிலில். இங்கே அது பறக்காது, பறக்கவும் விடமாட்டேன். ஷெட் வாசலில் நின்றால் காட்டேரிப் பள்ளத்தாக்கு தெரிகிறது. 2021 டிசம்பர் எட்டாம் தேதி நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அந்த ஹெலிகாப்டர் இஞ்சினில் பழுதில்லை, மேகத்துக்குள் போனதுதான் என்று விசாரணையில் சொன்னார்கள். சாந்தா அன்றைக்குச் சொன்னதுதான்: இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோ, இந்த மலையில் வேண்டாம்.

உங்கப்பாவின் அம்பாசடர் ஞாபகம் இருக்கிறதா? கல்லாரில் ஏற ஆரம்பித்து பர்லியார் வருவதற்குள் இருமும். நாம் இரண்டு பேரும் இறங்கி ஓடையில் துணியை நனைத்துக் கொண்டுவருவோம். அப்பா அதைப் பெட்ரோல் பம்ப்பில் சுற்றிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போவார், நீ பிடுங்குவாய். அந்த ஈரத்துணிதான் இப்போது ராத்திரி பகல் என் கண்ணில் நிற்கிறது. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் காற்றைத்தான் மெல்லும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அதனால் அங்கேதான் முதலில் கொதிக்கும். மேலே போகப்போக இன்னும் சுலபம். குன்னூர் உயரத்திலேயே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் எண்பது சதம்தான். பம்ப்பைப் பின்னால் மாற்றியது இதற்கும் சேர்த்துத்தான். ஆவி திரும்பிப் போக டேங்குக்கு ஒரு தனிக் குழாயும் விட்டிருக்கிறேன். ஆனால் ஓடி முடித்த சூட்டில் கால் மணி நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் என்ன ஆகும்? அதை இந்தக் குளிரில் எப்படிப் பார்ப்பது? பம்ப்பில் ஈரத்துணி சுற்ற அங்கே யார் இறங்குவார்கள்?

இதற்கு நேர்மாறாக இங்கே ஒரு கூத்து. போன வாரம் சாயங்காலம் பனிமூட்டம் ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இஞ்சினைச் சும்மா ஓடவிட்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் 200 சுற்று குறைந்தது. நிறுத்திக் கார்புரேட்டர் வாயில் விரலை விட்டுப் பார்த்தால் வெள்ளையாக ஐஸ். தண்ணீர் உறைகிற குளிரே இல்லை அன்றைக்கு! பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, காற்றின் ஈரம் அங்கேயே உறைந்துவிடுகிறது. உன் ஜிப்ஸிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இஞ்சின் சுடுதண்ணீரைக் கார்புரேட்டர் கழுத்தைச் சுற்றி விட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்.

தங்கராசு, முதல் தடவை அதை ஓட்டப்போவது நான் இல்லை. சின்னவன். லைசென்ஸ் அவனிடம்தான் இருக்கிறது. அக்கா அவனை என் பொறுப்பில் விட்டிருக்கிறாள். எல்லாம் பார்த்தாயிற்றா மாமா என்று ஐப்பசியில் கேட்டான். பார்த்தாயிற்று என்று சொல்லி, நோட்டில் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்துக்கு எட்டு வரி மேலே "பெட்ரோல் குழாய், சரி" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்போதும் அந்தச் சருகு உள்ளேதான் இருந்திருக்கும். போன ஞாயிறு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிளந்த ஹோஸைக் கையில் கொடுத்து, அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அந்த வரியை அவனே அடித்துவிட்டு, தேதி போட்டான். அன்று முதல் ஒவ்வொரு கிளாம்ப்பையும் என் பின்னாலேயே வந்து அசைத்துப் பார்க்கிறான். அதுதான் நல்லது.

எனக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்டா. சூலூர் விமானப்படைத் தளத்தில் இருபது வருஷம் இஞ்சினுக்கடியில் படுத்தவன் நீ. நான் போட்ட குழாயை நானே பார்த்தால் எனக்குச் சரியாகத்தான் தெரியும். தை பிறந்ததும் லாரி சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் நாலு நாள் வந்து தங்கு. டேங்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாகப் பிரி. என்னிடம் எதுவும் கேட்காதே, நானும் வாய் திறக்கமாட்டேன். நீ சரி என்ற பிறகுதான் நோட்டில் அந்த வரி மறுபடி ஏறும், உன் கையெழுத்தோடு.

மேட்டுப்பாளையத்தில் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நிற்காதே, பஸ் பிடித்து வா. ஸ்வெட்டர் எடுத்து வா, போன தடவை என்னுடையதைக் கொண்டுபோனது இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது. குழாய் முனை விரிக்கும் அந்தப் பழைய டூலையும் மறக்காதே. பிளந்த ஹோஸைத் தூக்கிப் போடவில்லை, ஷெட்டில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வந்ததும் முதலில் அதைப் பார்.

உன்,
கிருஷ்ணன்