தம்பி, அந்த 120 டாலர் விஷயம்

தம்பிக்கு,

சாப்டியா. நேத்து நைட் போன்ல குளோபல் என்ட்ரி வாங்கலாமான்னு நீ கேட்டதுக்கு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள உங்கப்பா போனைப் புடுங்கி "அதெல்லாம் தண்டச் செலவுடா"ன்னு முடிச்சு விட்டுட்டாரு, நீயும் சரிப்பான்னு வெச்சிட்ட. அவரு 5 டாலர் பார்க்கிங்குக்கு யோசிச்சு மூணு தெரு தள்ளி வண்டிய நிறுத்திட்டு என்னைய ஹீல்ஸோட நடக்க விடுற ஆளு, அவர்கிட்ட போயி குளோபல் என்ட்ரி வாங்கலாமான்னு கேட்டா வேற என்ன சொல்லுவாரு. நம்ம வீட்டுல அதிகமா பிளைட் ஏறுனது நான்தான். அம்மாச்சி படுத்த படுக்கையா கெடந்தப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை மூணு தடவைன்னு திருச்சிக்கு ஓடுனது மறந்துருக்க மாட்ட. அதான் லஞ்ச் பிரேக்ல உக்காந்து இதை டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காத, இந்த போன் நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு போடுது.

மொதல்ல நீ ரெண்டையும் குழப்பிக்கிட்டு பேசுன. டிஎஸ்ஏ (அதான் அமெரிக்க ஏர்போர்ட்ல செக்கிங் பண்ற கவர்மென்ட் ஆபீஸ்) பிரீசெக்னா ஏர்போர்ட்டுக்குள்ள போறப்ப செக்யூரிட்டி லைனுக்கு, குளோபல் என்ட்ரின்னா வெளிநாட்டுல இருந்து அமெரிக்காவுக்குத் திரும்பி வர்றப்ப இமிக்ரேஷன் லைனுக்கு. பிரீசெக் மட்டும் வாங்குனா 80 டாலர் கிட்ட ஆகும், குளோபல் என்ட்ரி 120 (நான் வாங்குனப்ப 100தான், 2024 அக்டோபர்ல ஏத்திட்டாங்க), ரெண்டுமே 5 வருஷத்துக்கு. ஆனா குளோபல் என்ட்ரி வாங்குனாலே பிரீசெக்கும் கூடவே வந்துரும். 120ஐ அஞ்சால வகுத்தா வருஷத்துக்கு 24 டாலர், நீ ஒரு வாரத்துல குடிக்கிற காபி காசு. நீ மாசம் ரெண்டு தடவை ஆஸ்டின் போறேங்கிற, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கும் வர்ற, உனக்கு இது யோசிக்கவே வேண்டாத கணக்கு. உங்கப்பா மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிளைட் ஏறுற ஆளுக்கு இது தண்டச் செலவுதான், அதுல அவரு சொல்றது சரி.

முன்ன மாதிரி பிரீசெக்ல பெரிய வித்தியாசம் இல்லேங்கிறதையும் சொல்லிடறேன். 2001 டிசம்பர்ல ஒருத்தன் ஷூவுக்குள்ள வெடிமருந்து வெச்சு பிளைட்ல ஏறுனானே, அதுல இருந்து ஆரம்பிச்சு 2006ல எல்லாரையும் ஷூவக் கழட்ட வெச்சாங்க, பிரீசெக் இருக்கிறவங்க மட்டும் கழட்ட வேண்டாம், அதுக்காகவே பாதி பேரு வாங்குனாங்க. 2025 ஜூலையில அந்த ரூலையே எடுத்துட்டாங்க, இப்ப யாருமே ஷூ கழட்ட வேண்டாம். மிச்சம் இருக்கிறது லேப்டாப்பையும் ஷாம்பூ பாட்டிலையும் பையிலருந்து வெளிய எடுக்க வேண்டாம், பெல்ட் கழட்ட வேண்டாம், லைன் கொஞ்சம் சின்னதா இருக்கும், அவ்வளவுதான். திங்கக்கிழமை காலையில 6 மணி பிளைட்டுக்கு லேப்டாப் பையோட ஓடுற உனக்கு அதுவே போதும்னு நெனைக்கிறேன்.

கிளியர்னு ஒண்ணு ஏர்போர்ட் வாசல்லயே நின்னு கூப்புடுவாங்க, கண்ணைக் காட்டு, கைரேகை வைன்னு, அது கவர்மென்ட் இல்ல பிரைவேட் கம்பெனி, வருஷத்துக்கு 200 டாலருக்கு மேல. அதுல ஐடி காட்டுற லைனை மட்டும்தான் தாண்டலாம், ஸ்கேனிங் லைன்ல எல்லாரு மாதிரியும்தான். அந்தப் பக்கமே போகாத.

உன் ரூம்மேட் பையன் ஹெச் ஒன் பி வேலை விசாவுல இருக்கான்னு சொன்னேல்ல, அவனுக்கும் சொல்லு. சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லாம பிரீசெக் நேரா அப்ளை பண்ண முடியாது, ஆனா இந்தியன் பாஸ்போர்ட்காரங்களுக்கு 2017ல இருந்து குளோபல் என்ட்ரி தொறந்து விட்டுருக்காங்க, அதை வாங்கிட்டா பிரீசெக்கும் வந்துரும். என்ன, ஊருல போலீஸ் வெரிஃபிகேஷன் ஒண்ணு தனியா நடக்கும், அதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும், அவங்கப்பா அம்மா வீட்டுக்கு போலீஸ் வந்தா பயந்துறப் போறாங்க, முன்னாடியே சொல்லி வைக்கச் சொல்லு.

நீ கனடா பக்கத்துல சியாட்டில்ல இருக்கிறதால நெக்ஸஸ்ங்கிற கார்டும் ஒரு வழி. அதுவும் இப்ப 120 டாலர்தான், 50 டாலரா இருந்த காலம் போச்சு. கனடா பார்டருக்குத் தனி லைன், குளோபல் என்ட்ரி, பிரீசெக் எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். ஆனா வான்கூவருக்கு கார்ல போறப்ப கார்ல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் நெக்ஸஸ் இருக்கணும், ஒரே ஒரு ஆளுகிட்ட இல்லேன்னாலும் எல்லாரும் சாதா லைன்தான். உன் பிரெண்ட்ஸ் கூட்டத்துல எவன் ஒழுங்கா அப்ளை பண்ணுவான்னு நீயே யோசிச்சுக்க.

இந்த ஆளுக்கு ஆளு தனித்தனிங்கிறதுதான் நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. போன வருஷம் ஊருல இருந்து நானும் அப்பாவும் ஒண்ணா வந்தோம்ல. நடுவுல பிளைட் மாறுற ஊர்லதான் இமிக்ரேஷன். நான் அந்த மெஷின் முன்னாடி போயி நின்னேன், மூஞ்சியப் படம் புடிச்சுச்சு, ஆபீசர் பேரைச் சொல்லிக் கூப்புட்டு போங்கன்னுட்டாரு, மொத்தமே அஞ்சு நிமிஷம் இருக்காது. திரும்பிப் பாத்தா உங்கப்பா கயிறு கட்டுன லைன்ல எங்கயோ கடைசியில, கையில அந்த மஞ்சப் பையோட, எனக்கு டாட்டா காட்டுறாரு. நான் ராணி மாதிரி பெட்டி வர்ற பெல்ட்டுக்குப் போயிட்டேன். அப்புறம்தான் தெரியுது நாலு பெட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ, எல்லாத்துலயும் அவரு பச்சை நைலான் கயிறு சுத்தி முடிச்சு போட்டு வெச்சிருக்காரு, அடையாளத்துக்காம். பெல்ட்டுலருந்து ஒவ்வொண்ணா நானே இழுத்துப் போட்டேன், மூணாவது பெட்டியில கயிறு கையில சிக்கி ரெண்டு அடி கூடவே ஓடுனேன், ஒரு பஞ்சாபிப் பையன்தான் வந்து தூக்கிக் குடுத்தான். எல்லாத்தையும் டிராலியில ஏத்திட்டு அது மேலயே உக்காந்தேன். பெல்ட் நின்னு போச்சு, லைட்டைக் கூட பாதி அணைச்சிட்டாங்க. இவரு போனு ரோமிங்ல எடுக்கல. அடுத்த பிளைட்டுக்கு நேரம் ஓடிக்கிட்டே இருக்கு, இவரை விட்டுட்டு நான் மட்டும் போயி என்ன பண்ண. 1 மணி 20 நிமிஷம் கழிச்சு சாவகாசமா நடந்து வந்து "மிச்சம் புடிச்ச நேரத்துல என்ன பண்ணுன, காபி கீபி குடிச்சியா?"ன்னு கேட்டாரு பாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கயிறாலயே கட்டிப் போட்டுருப்பேன். அதுல இருந்துதான் அவரு எல்லார்கிட்டயும் இது வேஸ்ட்டு வேஸ்ட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.

அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது, மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல்னு ஒரு ஆப் சும்மாவே கெடக்கு, காசே கெடையாது. சிட்டிசனுக்கும் சரி, உங்கப்பா மாதிரி கிரீன் கார்டுகாரங்களுக்கும் சரி. பாஸ்போர்ட் விவரத்தை முன்னாடியே போட்டு வெச்சிட்டு இறங்குனதும் ஒரு செல்ஃபி எடுத்து அனுப்புனா அதுக்குன்னு ஒரு லைன் இருக்கும், பெரிய ஏர்போர்ட் பலதுலயும் இருக்கு. ஒரே போன்ல குடும்பத்துல எல்லாரையும் சேத்து அனுப்பலாம், அதுதான் எனக்குப் புடிச்சது. குளோபல் என்ட்ரி அளவுக்கு வேகம் இல்ல, ஆனா சாதா லைனுக்கு எவ்வளவோ தேவலை. இனிமே அப்பாவோட வந்தா நான் அதுலதான் வருவேன், தனியா வந்தா மட்டும் என் லைனு. 2014ல இருந்து அபுதாபியிலயே அமெரிக்க இமிக்ரேஷனை முடிச்சு அனுப்புறாங்க, சென்னையில இருந்து அந்த வழியா வந்தா இங்க இறங்குறப்ப உள்ளூர் பிளைட் மாதிரி பெட்டியத் தூக்கிட்டு வெளிய வந்துறலாம். இந்தத் தடவை அப்பாகிட்ட அதைத்தான் பாக்கச் சொல்லிருக்கேன், அவரு விலையைப் பாத்துட்டு உம்முன்னு இருக்காரு.

இன்னொண்ணு. இதை உன்கிட்ட இதுவரைக்கும் முழுசாச் சொன்னதில்ல. 2018ல எனக்கு குளோபல் என்ட்ரிய ரத்து பண்ணிட்டாங்க. ரெனியூ பண்ண மறந்துட்டேன்னு உங்கிட்ட சொன்னது பொய். அம்மாச்சியப் பாத்துட்டு கெளம்புறப்ப உன் சித்தி நான் குளிக்கப் போன நேரத்துல ஈரத்துணியில ஒரு கத்தை கறிவேப்பிலைய சுத்தி பருப்புப் பொடி டப்பாவுக்குப் பக்கத்துல சொருகி விட்டுருக்கா, அக்கா பாவம் அங்க காஞ்சு போன இலையப் போட்டு சமைக்கிறான்னு. எனக்குத் தெரியாது. மெஷின்ல சாப்பாடு, செடி, பழம் எதாவது கொண்டு வர்றியான்னு கேட்டுச்சு, பொடி தானேன்னு இல்லைனு அமுக்கிட்டேன். அதுதான் தப்பு, பொடி இருந்தாலும் இருக்குன்னுதான் சொல்லிருக்கணும். பெட்டியத் தள்ளிக்கிட்டு வர்றேன், பச்சைச் சட்டை போட்ட ஒரு குட்டி நாய், பீகிள், குலைக்கக் கூட இல்ல, மோந்து பாத்துட்டு என் பெட்டி பக்கத்துல வந்து சாதுவா உக்காந்துருச்சு. நான் வேற அதைப் பாத்து சிரிச்சேன்.

தெரியாதுன்னு சொன்னா யாரு கேப்பா, பெட்டி என் பெட்டி, பட்டனை அமுக்குன கையும் என் கை. கறிவேப்பிலை எலுமிச்சை வகையறாவாம், அந்த இலையில ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு சின்னப் பூச்சியால இங்க ஆரஞ்சுத் தோட்டமே காலியாயிடும்னு அந்த ஆபீசர் பொறுமையா வெளக்குனாரு, அவரு மேல எனக்குக் கோவமில்ல. அபராதத்தைக் கட்டிட்டு வந்தேன், கொஞ்ச நாள்ல மெம்பர்ஷிப் ரத்துன்னு லெட்டரும் வந்துருச்சு. அதே வருஷம்தான் ஒரு அமெரிக்கக்கார அம்மா பிளைட்ல குடுத்த ஆப்பிளை தின்னாம பையில வெச்சிருந்ததுக்கு 500 டாலர் அபராதம்னு நியூஸ்ல வந்துச்சு, பரவால்ல நான் மட்டும் இல்லேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நாலு வருஷம் கழிச்சு திரும்ப அப்ளை பண்ணி, நடந்ததை மறைக்காம எழுதித்தான் வாங்குனேன். அதனால இந்த கார்டு வாங்குனா சித்தி குடுக்குற பெட்டிய பிரிச்சு பாக்காம ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகாத. ஊறுகாய் பொடி முறுக்கு எல்லாம் கொண்டு வா, கேட்டா இருக்குன்னு சொல்லு. பச்சை இலை, மாம்பழம், கருவாடு கிருவாடு எதுவும் வேண்டாம். சித்திகிட்ட நான் இன்னும் இதைச் சொல்லல, நீயும் சொல்லாத, அவ தாங்க மாட்டா.

அப்ளை பண்றப்ப பேரைப் பாத்து போடு. எனக்கு பாஸ்போர்ட்ல உங்க தாத்தா பேரு, லைசென்ஸ்ல உங்கப்பா பேரு, உங்கப்பா டிக்கெட் போடுறப்ப அவருக்குத் தோணுன பேரு. அதனாலயே ரெண்டு தடவை போர்டிங் பாஸ்ல பிரீசெக் வராம, கையில கார்டை வெச்சிக்கிட்டு அதைக் காட்டிப் பாத்தேன், கார்டு செல்லாது, நம்பர் டிக்கெட்டுல ஏறியிருக்கணும்னு சாதா லைனுக்கு அனுப்பிட்டாங்க. கார்டு பின்னாடி இருக்கிற நம்பர்தான் கேடிஎன் (நோன் டிராவலர் நம்பர்), அதை ஒவ்வொரு ஏர்லைன் அக்கவுண்ட்லயும் ஒரு தடவை போட்டு வெச்சிரு, எழுத்துக்கு எழுத்து பேரு ஒண்ணா இருக்கணும்.

குளோபல் என்ட்ரிக்கு நேர்ல ஒரு இன்டர்வியூ உண்டு, அதுக்கு அப்பாயின்ட்மென்ட் குதிரைக்கொம்பு. அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, மொதக்கட்ட அப்ரூவல் வந்துட்டா வெளிநாட்டுல இருந்து வந்து இறங்குற அன்னைக்கே ஏர்போர்ட்ல இன்டர்வியூ குடுத்துறலாம். அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு தை மாசம் திருக்கடையூர் போறோம்ல, இப்பவே அப்ளை பண்ணிட்டா திரும்பி வர்ற அன்னைக்கு முடிச்சுக்கலாம், ஆனா எல்லா ஏர்போர்ட்லயும் கெடையாது, நீ இறங்குற ஊர்ல இருக்கான்னு பாத்துக்க. 120 டாலர் ரிஜெக்ட் ஆனாலும் திரும்ப வராது. சில கிரெடிட் கார்டுல இந்தக் காசைத் திருப்பித் தர்றாங்க, உன்கிட்ட ஏற்கனவே அப்படி ஒண்ணு இருந்தா நல்லது, இதுக்காக புதுசா நூத்துக்கணக்குல பீஸ் கட்டி கார்டு வாங்கிடாத.

அந்தப் பக்கம் சென்னையிலயும் இப்ப குளோபல் என்ட்ரி மாதிரியே ஒண்ணு வந்துருச்சு, 2025 ஜனவரியில இருந்து, செப்டம்பர்ல திருச்சியிலயும். இந்தியன் பாஸ்போர்ட்டுக்கும் நம்ம மாதிரி ஓசிஐ கார்டுகாரங்களுக்கும் (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்தியாக்காரங்களுக்குக் குடுக்குற கார்டு). ஆன்லைன்ல பதிஞ்சிட்டு கைரேகையும் முகமும் ஒரு தடவை குடுத்துட்டா இமிக்ரேஷன்ல ஆளு இல்லாத கேட்டுல பாஸ்போர்ட்டை வெச்சு போயிட்டே இருக்கலாம். காசு கெடையாதுன்னு கேட்டதும் வேஸ்ட்டுன்னு சொன்ன மனுஷன்தான் வீட்டுல மொதல்ல அப்ளை பண்ணிருக்காரு, சிரிக்காத.

பிரேக் முடிஞ்சு போச்சு, மேனேஜர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டா. தை மாச டிக்கெட்டை அப்பாதான் போடுறேன்னு நிக்கிறாரு, போடட்டும், ஆனா போட்ட ஒடனே நீ உள்ள போயி உன் பேரு எப்படி அடிச்சிருக்காருன்னு ஒரு தடவை பாத்துரு, என்னுதையும் சேத்து.

அம்மா